வீட்டு முயலும் அதன் மூலையும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பத்தலைவி ஒருவர் பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றார். உடன் பத்து வயதுடைய அவருடைய மகள். அழுதழுது அவள் கண்கள் சிவந்திருந்தன. "சாமி, நாளைக் காலையில் முயலைக் கல்லறைத் தோட்டத்துப் புதரில் கொண்டுபோய் விட்டுவிடப் போவதாக அவர் சொல்லுகிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்" என்றார் தாய். வழக்கு என்னவென்று விசாரித்தேன். இரண்டு ஆண்டுகளாக அவ்வீட்டில் வளர்ந்த வெள்ளை முயல், அதுவரை தனக்கென வைத்த தட்டிலேயே ஒழுங்காகச் சிறுநீர் கழித்து வந்திருக்கிறது. ஒரு மாத காலமாகப் பாயிலும் தலையணையிலும் கழிக்கத் தொடங்கிவிட்டது. தந்தை இரண்டு முறை துடைப்பக்கட்டையால் அடித்தும் பார்த்துவிட்டார். அது திருந்துவதாக இல்லை.

அன்றிரவே அவ்வில்லத்திற்குச் சென்றேன். "வேண்டுமென்றே செய்கிறது, சாமி. என் தலையணையைத் தேடி வந்து நனைக்கிறது" என்று அந்த நல்ல மனிதர் சாதித்தார். 'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்னும் பழமொழி என் நினைவுக்கு வந்தது. ஆனால் அதைச் சொல்லும் வேளை அதுவன்று. "ஒரு வாரம் தவணை கொடுங்கள், அதற்குள் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்த வாரத்தில் நிகழ்ந்ததை இறுதியில் கூறுகிறேன்.

பிறந்தநாள் பரிசாகவோ, சந்தையில் கண்ட ஆசையாலோ பிள்ளைகளுக்கு முயல்குட்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பலர். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குட்டி, நன்கு பேணினால் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள்வரை வாழக்கூடியது என்பதை வாங்கும்போது எண்ணுவோர் சிலரே. முதல் மாதம் விளையாட்டாய்க் கழிகிறது. பின்னர்ப் படுக்கை நனைகிறது; வீடு நாறுகிறது; சுத்தம் செய்யும் வேலை முழுவதும் தாயின் தலையில் விழுகிறது; இறுதியில் முயல் கூண்டுக்குள் அடைபடுகிறது, அல்லது வெளியே துரத்தப்படுகிறது. இத்தனைக்கும் அடிப்படை, முயலைப் பழக்கும் வழியை நாம் அறியாமையே.

முயலின் இயல்பு

நம் ஊர்ப் புதர்க்காடுகளில் ஓடும் காட்டு முயல் வேறு, வீட்டு முயல் வேறு. காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. வெட்டவெளியில் புல்லுக்கிடையே தனித்துத் தங்குவது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடை செய்கிறது. வீட்டு முயலோ ஸ்பெயின், போர்ச்சுக்கல் நாடுகளும் தென் பிரான்சும் தாயகமாகக் கொண்ட ஐரோப்பிய வளைமுயலின் வழி வந்தது.

இதனை வீட்டு விலங்காக்கியது குறித்து ஒரு கதை உண்டு. கி.பி. 600-ஆம் ஆண்டளவில் பாப்பரசர் பெரிய கிரகோரியார், முயலின் இளங்குட்டிகள் மீனுக்கு ஒப்பானவை, தவக்காலத்தில் அவற்றை உண்ணலாம் என்று ஆணையிட்டாராம். அதன்பொருட்டே துறவு மடங்களில் முயல் வளர்க்கத் தொடங்கினார்களாம். நூல்கள் பலவற்றிலும் இடம்பெற்ற இக்கதை உண்மையன்று என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பாப்பரசர் அவ்வாறு ஆணை எதனையும் பிறப்பிக்கவில்லை. பிரான்சு நாட்டின் தூர் நகர ஆயராயிருந்த மற்றொரு கிரகோரியார், தவக்காலத்தில் முயல்குட்டிகளை உண்ட ஒருவனைப் பற்றி ஆறாம் நூற்றாண்டில் எழுதிவைத்த செய்தியே, பிற்காலத்தில் பெயர் மயக்கத்தால் பாப்பரசர்மேல் ஏற்றப்பட்டது.

நமக்கு இங்கே வேண்டுவது வேறொரு செய்தி. வளைமுயல்கள் கூட்டமாய் வாழ்பவை. அவை கண்ட கண்ட இடத்தில் எல்லாப் புழுக்கையையும் சிந்துவதில்லை. குறிப்பிட்ட சில இடங்களைத் தெரிந்துகொண்டு, திரும்பத் திரும்ப அங்கேயே கழிக்கின்றன. புழுக்கையின் வாசனை "இது எங்கள் எல்லை" என்று பிற முயல்களுக்கு அறிவிக்கும் கையொப்பம் போன்றது. வீட்டு முயலிடத்தும் இந்த இயல்பு மாறவில்லை. அறையில் விட்டால் ஏதேனும் ஒரு மூலையை அது நாடும். பின்பக்கத்தை மூலையில் ஒட்டி, வாலைச் சற்றே உயர்த்திச் சிறுநீர் கழிக்கும். ஆகவே முயலுக்கு நாம் புதிதாக ஒன்றையும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனிடம் உள்ள பழக்கத்திற்குத் தக்க இடத்தைக் கொடுத்தால் போதும்.

முயலுக்கு இருவகை எச்சம் உண்டு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். உருண்டையாய், உலர்ந்து, மணமின்றி இருக்கும் புழுக்கை நாளொன்றுக்குச் சுமார் 200 முதல் 300 வரை விழும். மற்றொன்று மென்மையானது; சிறு திராட்சைக் கொத்துப்போல் ஒன்றோடொன்று ஒட்டி, பளபளப்பாய் இருக்கும். இதனை முயல் கீழே விழவிடாமல் வாயால் நேரே எடுத்து உண்டுவிடும். காண்போர்க்கு அருவருப்பாகத் தோன்றினும், புரதமும் வைட்டமின்களும் நிறைந்த இந்த இரண்டாம் உணவு அதன் நலத்திற்கு இன்றியமையாதது, தடுத்தல் கூடாது. லேவியர் ஆகமத்தின் 11-ஆம் அதிகாரம் முயலை அசைபோடும் விலங்குகளோடு சேர்த்துப் பேசுகிறது. மாட்டைப்போல் பல அறைகள் கொண்ட வயிறு முயலுக்கு இல்லைதான்; ஆயினும் ஒருமுறை உண்டதை மறுமுறை உண்டு செரிக்கும் தொழில் அதனிடமும் உண்டு.

தட்டு அமைக்கும் முறை

முதலிரண்டு நாட்கள் முயலைச் சிறிய இடத்தில் விட்டு, எந்த மூலையை நாடுகிறது என்று கவனியுங்கள். அந்த மூலையிலேயே தட்டை வையுங்கள். நமக்கு வசதியான மூலையில் தட்டை வைத்துவிட்டு, முயல் அங்கே வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது வீண். பின்னர்ப் பழகியபின் சிறிது சிறிதாக நகர்த்திக்கொள்ளலாம்.

தட்டு என்றால் விலை உயர்ந்த பொருள் வேண்டியதில்லை. அகலமான பிளாஸ்டிக் பேசின் அல்லது ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிய பிளாஸ்டிக் தொட்டி போதும். முயல் அதில் நீட்டி அமரவும், திரும்பவும் இடம் இருத்தல் வேண்டும். 45 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் நடுத்தர முயலுக்கு ஏற்றவை. பின்புறம் 15 செ.மீ. உயரமாவது இருந்தால்தான் சிறுநீர் வெளியே தெறிக்காது. முன்புறம் தாழ்ந்திருக்க வேண்டும். குட்டிக்கும் முதிய முயலுக்கும் இது மிக அவசியம். வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

அடியில் பழைய செய்தித்தாளைப் பல மடிப்பாக விரித்து, அதன்மேல் கிழித்த தாளோ நறுக்கிய வைக்கோலோ இரண்டு விரற்கடை கனத்திற்குப் பரப்புங்கள். வழவழப்பான வண்ணத் தாள் ஆகாது. தச்சுப் பட்டறை மரத்தூளும் உமியும் எளிதில் கிடைத்தாலும், அவற்றின் தூசி முயலின் மூச்சுக்குழலைத் தாக்கும். பைன், தேவதாரு போன்ற மணமுள்ள மரங்களின் சீவல் ஈரலுக்குக் கேடு செய்யும். பூனைக்கென்று விற்கப்படும், நனைந்தால் இறுகிக் கட்டியாகும் களிமண் வகையை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். முயல் அதனைக் கொறித்துவிட்டால் குடலில் அடைப்பு உண்டாகும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முயல் மென்றுகொண்டே புழுக்கை போடும் பழக்கமுடையது. ஆகவே உலர்ந்த புல்லைத் தட்டின் ஒரு முனையிலோ, தட்டில் இருந்தபடியே எட்டும் தொலைவிலோ வையுங்கள். உண்ண வரும் முயல் அங்கேயே நெடுநேரம் அமரும். மற்றது தானாக நடக்கும். பழக்குவதில் பாதி வேலை இதனால் முடிந்துவிடுகிறது.

படிப்படியாகப் பழக்குதல்

பலரும் செய்யும் தவறு, குட்டி வந்த நாளிலேயே வீடு முழுவதும் ஓடவிடுவது. பரந்த வீட்டில் முயல் தன் மூலையை மறந்துவிடும். அல்லது அறைக்கு ஒரு மூலையைத் தெரிந்துகொள்ளும். முதலில் நான்கடிக்கு நான்கடி இடத்தை மறைத்துத் தட்டு, உணவு, தண்ணீர் ஆகியவற்றோடு அதில் விடுங்கள். வெளியே சிந்திய புழுக்கையைப் பொறுக்கித் தட்டில் போடுங்கள். தரையில் கழித்த சிறுநீரைத் தாளால் ஒற்றியெடுத்து, அந்தத் தாளையும் தட்டில் வையுங்கள். அந்த மணமே அதற்கு வழிகாட்டி.

சிறுநீர் முழுவதும் தட்டிலேயே விழுவது ஒரு வாரம் தொடர்ந்தால், உங்கள் கண்முன் அரை மணி நேரம் அறையில் விடுங்கள். பின்னர் ஒரு மணி, பின்னர் இரண்டு. வாலை உயர்த்தி மூலையில் ஒதுங்குவதைக் கண்டால், கைகளை இலேசாகத் தட்டி, மெல்லத் தட்டின் பக்கம் ஒதுக்குங்கள். தட்டில் கழித்தவுடன் கொத்துமல்லித் தழையோ, சிறு ஆப்பிள் துண்டோ கொடுங்கள். துரத்திப் பிடித்துத் தூக்கிச் சென்று தட்டில் போடாதீர்கள். தட்டு என்றாலே அதற்கு அச்சம் உண்டாகிவிடும். காதைப் பிடித்துத் தூக்குவது நம்மிடையே வழக்கமாயிருந்தபோதிலும் அது கொடுமை. ஒரு கையை நெஞ்சின் கீழும் மறு கையைப் பின்தொடைகளின் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்துத் தூக்குவதே முறை. பின்புறம் தாங்கப்படாமல் உதறினால் முயலின் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும்.

நனைந்த பகுதியை நாள்தோறும் அகற்றி, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை தட்டை முழுவதும் கழுவுங்கள். கழுவியபின் பழைய புழுக்கையில் சிறிதளவு மீண்டும் போட்டுவையுங்கள். அழுக்கு மிஞ்சினால் முயல் தட்டை வெறுக்கும். மணமே இல்லையெனில் தட்டை மறக்கும்.

நன்கு பழகிய முயலும் அங்குமிங்கும் சில உலர்ந்த புழுக்கைகளை உதிர்க்கவே செய்யும். அதனைக் குற்றமாகக் கொள்ளாதீர்கள். துடைப்பத்தால் கூட்டி எடுத்து ரோஜாச் செடியின் அடியில் போட்டால் சிறந்த எரு ஆகும்.

பருவ வயதின் தொல்லை

குட்டிப் பருவத்தில் ஒழுங்காயிருந்த முயல் நான்கு முதல் ஆறு மாத வயதில் திடீரென மாறிவிடுவதுண்டு. பருவமெய்திய ஆண் முயல் சுற்றிச் சுற்றி ஓடிச் சிறுநீரைப் பீச்சும். சுவரிலும், சில வேளைகளில் நம் மேலும் தெளிக்கும். பெட்டை முயலும் எல்லை வகுக்கத் தொடங்கும். "கற்றதை மறந்துவிட்டதே" என்று பெற்றோர் சலித்துக்கொள்வது இந்த வேளையில்தான். இது மறதியுமன்று, திமிருமன்று, உடலின் இயக்கம்.

இதற்கு நிலையான தீர்வு இனப்பெருக்கத் தடை அறுவைச் சிகிச்சையே. ஆண் முயலுக்கு ஏறத்தாழ நான்கு மாதத்திலும், பெட்டைக்கு ஐந்தாறு மாதத்திலும் செய்யலாம். அதன்பின் சில வாரங்களில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் தணிந்துவிடும். பெட்டை முயலுக்கு மற்றொரு நன்மையும் உண்டு. அறுவை செய்யப்படாத பெட்டைகளுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் மிகுதியாக வருகிறது. அறுவை அதனைத் தடுக்கிறது. ஆயினும் முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பது நுட்பமான செயல். முயலைக் கையாண்ட பழக்கமுள்ள மருத்துவரையே நாடுங்கள். முயல் வாந்தி எடுக்க இயலாத பிராணி. ஆகவே நாய் பூனைகளைப்போல் அறுவைக்கு முன் அதனைப் பட்டினி போட வேண்டியதில்லை. பட்டினி அதற்குத் தீங்கே செய்யும். ஆணும் பெட்டையுமாக வைத்திருப்போர் இன்னொன்றையும் நினைவில் கொள்க: முயலின் கருப்பக்காலம் ஏறத்தாழ 31 நாட்களே. ஈன்றவுடனே மறுபடி கருத்தரிக்கவும் கூடும்.

பாயும் மெத்தையும் நனைந்தால்

எவ்வளவு பழக்கினாலும் தவறு நேராமலிராது. நேர்ந்தவுடன் செய்ய வேண்டியவை இவை:

1. உலர்ந்த துணியாலோ தாளாலோ அழுத்தி ஒற்றியெடுங்கள். தேய்த்தால் ஈரம் உள்ளே இறங்கிப் பரவும்.

2. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அவ்விடத்தில் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். சாயத் துணியாயின் முதலில் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். சலவைக்கல் தரையிலும், சலவைக்கல் சில்லுகள் பதித்த மொசைக் தரையிலும் வினிகர் ஆகாது. புளிப்பு அக்கல்லை அரித்துவிடும். அங்கே மென்மையான சோப்புத் தண்ணீரே போதும்.

3. மெத்தையை வெயிலில் நன்றாக உலர்த்தி, சமையல் சோடாவைத் தூவிச் சில மணி நேரம் கழித்துத் தட்டிவிடுங்கள். மணம் எஞ்சியிருந்தால் முயல் அதே இடத்திற்குத் திரும்பி வரும்.

4. தட்டின் அடியில் வெண்மையாகப் படியும் ஏடு சுண்ணாம்புப் படிவமாகும். வினிகரில் ஊறவைத்தால் இளகிவிடும்.

எச்சரிக்கை ஒன்று: சிறுநீர் உள்ள இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். சிறுநீரின் அம்மோனியாவோடு அது கலந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் நச்சுவாயு எழும். பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் சேர்ப்பதும் அவ்வாறே ஆபத்தானது. சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது விளையாட்டுக் காரியமன்று.

மெத்தையும் சோபாவும் மென்மையாயிருப்பதால் முயலை மிகவும் ஈர்ப்பவை. பழக்கம் நிலைபெறும்வரை படுக்கையறைக் கதவைச் சாத்திவையுங்கள். இயலாதெனில் ரெக்சின் விரிப்பால் மூடிவையுங்கள். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கழித்தால் அங்கேயும் ஒரு தட்டை வைத்துவிடுங்கள். பிடிவாதத்தில் முயலை வெல்ல முயல்வதைவிட இது எளிது.

தவறு நேர்ந்தபின் அடிப்பதும், மூக்கை அந்த ஈரத்தில் தேய்ப்பதும் பயனற்றவை. முயல் பிறவிலங்குகளுக்கு இரையாகும் இனம். ஓடித் தப்புவதே அதன் வாழ்வு. அடிபட்ட முயல் தன் பிழையை உணர்வதில்லை; "இவர் கை ஆபத்தானது" என்பதை மட்டுமே கற்றுக்கொள்கிறது. அஞ்சிய முயல் மேலும் கண்ட இடத்தில் கழிக்கும்.

குணமா, நோயா?

பழகிய முயல் தட்டை விட்டு வெளியே கழிக்கத் தொடங்கினால், முதலில் எழ வேண்டிய ஐயம் நோயைப் பற்றியது. சிறுநீர்ப்பை அழற்சி, கல், முதுமையில் மூட்டு வலி ஆகியவை முக்கியமான காரணங்கள். மூட்டு நோகும் முயலால் தட்டின் விளிம்பைத் தாண்ட இயலாது.

முயலின் சிறுநீர் இளமஞ்சள் முதல் செம்பழுப்புவரை பல நிறம் காட்டும். சில தழைகளில் உள்ள நிறப்பொருளாலும் சிவக்கும். இரத்தமா அன்றா என்பதை மருத்துவரின் சோதனையே தெளிவாக்கும். முயலின் உடல், உணவில் மிகுந்த சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது. சிறிது கலங்கலாய் இருத்தல் இயல்பே. ஆனால் பசைபோல் தடித்து, வெள்ளையாய், முக்கி முக்கிக் கழித்தால் சிறுநீர்ப்பையில் படிவு சேர்ந்துவிட்டது என்று பொருள். குதிரைமசால் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது; வளரும் குட்டிக்கு நல்லதாயினும், வளர்ந்த முயலுக்கு அதனையே நாள்தோறும் கொடுத்தலாகாது. புல்லும், உலர்ந்த புல்லும், எப்போதும் நிறைந்த தண்ணீருமே அதன் பேருணவு. பிஸ்கட்டும் தானியமும் மிகுந்தால் மென்மையான எச்சத்தை முயல் உண்ணாது விட்டுவிடும். அது மயிரில் அப்பிக்கொள்ளும். அந்த ஈரத்தில் ஈ மொய்த்து முட்டையிட்டால், நம் கோடையில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். நாள்தோறும் பின்பக்கத்தைப் பார்த்து உலர்த்துதல் கடமை.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் முயல் உண்ணாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் குடல் இயக்கம் நின்றிருக்கக்கூடும். விடியும்வரை காத்திராமல் மருத்துவரை நாடுங்கள். தட்டில் நாள்தோறும் விழும் புழுக்கையே முயலின் நாடி. அதனைச் சுத்தம் செய்பவருக்கே நோய் முதலில் தெரியும்.

அந்த ஒரு வாரம்

இனி, தொடங்கிய கதைக்கு வருகிறேன். நான்காம் நாள் தாயும் மகளும் முயலைக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றார்கள். தந்தையும் அரை மனத்தோடு உடன் சென்றார். அடிவயிற்றைத் தடவிப் பார்த்து, எக்ஸ்ரேயும் எடுத்த மருத்துவர், சிறுநீர்ப்பை நிறையச் சுண்ணாம்புச் சேறு தங்கியிருப்பதைக் காட்டினார். "ஒவ்வொரு முறை கழிக்கும்போதும் இதற்கு வலி. தட்டில் உட்கார்ந்தால் வலிக்கிறது என்று தட்டை வெறுத்திருக்கிறது. மெத்தென்ற இடம் தேடி அலைந்திருக்கிறது" என்றாராம். தினந்தோறும் ஆசையாய் ஊட்டிய குதிரைமசாலும் பிஸ்கட்டும் நோயை வளர்த்திருந்தன. மருந்தாலும் உணவு மாற்றத்தாலும் சில வாரங்களில் முயல் தேறியது, தட்டிற்கும் திரும்பியது.

அடுத்த ஞாயிறு, கோவிலுக்கு வெளியே அந்தத் தந்தை என்னிடம் வந்தார். நெடுநேரம் வேறேதோ பேசிக்கொண்டிருந்தார். புறப்படும்போது, "வலியில் இருந்ததைத்தான் அடித்திருக்கிறேன், சாமி" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

புதரில் விட்டிருந்தால் என்னவாயிருக்கும்? வீட்டில் பிறந்து வளர்ந்த வெள்ளை முயலுக்கு மறையவும் தெரியாது, இரை தேடவும் தெரியாது. ஓரிரவில் நாய்க்கோ கீரிக்கோ இரையாகியிருக்கும். அதனைக் காட்டிலும், பயனில்லாததைத் தூக்கி எறியலாம் என்னும் பாடத்தை அந்தச் சிறுமி தன் தந்தையிடமே கற்றிருப்பாள்.

பெற்றோரே, வீட்டில் முயல் வளர்ப்பதாயின் அதன் தட்டைக் கழுவும் முறையை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் தாள் மாற்றட்டும். பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவட்டும். முயலைக் கேட்டது பிள்ளையாகவும், கழுவுவது தாயாகவும் இருக்கும் வீட்டில் முயலுக்கும் நிம்மதி இல்லை, தாய்க்கும் இல்லை. நான் சொன்ன அந்த வீட்டில் முயல் அதற்குப்பின்னும் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தது. அத்தனை நாளும் காலையில் எழுந்து தட்டைக் கழுவி, புழுக்கையைப் பார்த்து, புதுத்தாள் விரித்தவர் அந்தத் தந்தையே.